நூற்றவர்களுக்கு ஒரு பேட்டை இல்லை

நம் கொடுங்கையூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தென்கிழக்கே வண்ணாரப்பேட்டை. கிழக்கே திருவொற்றியூரை ஒட்டிக் காலடிப்பேட்டை. தெற்கே ஓட்டேரி, பட்டாளம் பக்கம் பின்னி மில் இருந்த இடம். இன்னும் தள்ளிப் போனால் கூவம் கரையில் சிந்தாதிரிப்பேட்டை. தினமும் பஸ் கண்டக்டர் வாயால் நாம் கேட்கும் இந்தப் பெயர்களில் பல துணித் தொழிலோடு பிறந்தவை. (நம் பக்கத்துக் கேப்டன் காட்டன் கால்வாயை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது பருத்தி அல்ல, ஓர் அதிகாரியின் பெயர்!)

சென்னைப் பட்டணமே துணிக்காக உருவான ஊர்தான். 1639-ல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், மற்ற இடங்களைவிட இங்கே துணி விலை மலிவு என்பது. துறைமுகத்துக்கு ஏற்ற நல்ல கரை என்று யாரும் இதைச் சொன்னதில்லை. கப்பல்கள் தூரத்தில் நிற்க, படகில் ஏற்றித்தான் சரக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு சிரமத்தையும் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு நம் துணிக்கு மதிப்பு இருந்தது.

பேட்டைகள் பிறந்த கதை

கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். அதை வெளுத்தால்தான் அச்சிடவும் சாயம் ஏற்றவும் முடியும், கப்பலுக்கும் அனுப்ப முடியும். அதனால் வெளுப்பவர்கள் கம்பெனிக்கு மிகவும் வேண்டியவர்களாக இருந்தார்கள்.

1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கோலெட், திருவொற்றியூர் அருகே நெசவாளர்களையும் துணியில் சித்திரம் எழுதுபவர்களையும் குடியேற்றினார். கோலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலின் கதையிலும் கோலெட் துரை வருவார் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு 1734-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் இப்படி மருவியது என்று சொல்வார்கள். அங்கே நெய்பவர், வெளுப்பவர், சாயம் ஏற்றுபவர்களோடு நூற்பவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

இத்தனை பேட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. தறிக்கு ஒரு பேட்டை உண்டு, வெளுப்புக்கு ஒரு பேட்டை உண்டு, ஆணையிட்ட கவர்னர் பெயரிலும் பேட்டை உண்டு. நூற்றவர்கள் பெயரில் நாம் அறிந்த பேட்டை எதுவும் இல்லை. ஆனால் ஒரு தறி நிற்காமல் ஓட வேண்டும் என்றால் நான்கைந்து பேராவது நூற்றுக் கொடுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. துணித் தொழிலில் மிக அதிகம் பேர் செய்த வேலை நூற்பு. அவர்களுக்குத்தான் பெயர்ப்பலகை இல்லை.

காரணம் எளிது. நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பட்டறைக்குப் போகவில்லை. திண்ணையிலும் அடுப்படிப் பக்கத்திலும் சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே நூற்றார்கள். பருத்தி விளையும் ஊர்களெங்கும் அவர்கள் பரவியிருந்தார்கள். வியாபாரி வீடு வீடாக நூலைச் சேர்த்து நெசவாளரிடம் கொடுப்பார். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது துணி. நூல் ஏறவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு வேலை

இந்த வேலை கம்பெனி காலத்தில் தொடங்கியதல்ல. புறநானூற்றில் 'பருத்திப் பெண்டு' வருகிறாள். இரவில் எழுந்து சிறு விளக்கின் வெளிச்சத்தில் பஞ்சைச் சுத்தம் செய்கிறாள். நற்றிணையில் துணையற்ற பெண்கள் மெல்லிய நூல் நூற்கிறார்கள். கணவனை இழந்தவர்கள், ஆதரவில்லாதவர்கள் கௌரவமாகக் கஞ்சி குடிக்க இருந்த வழி நூற்பு என்பது 2000 ஆண்டுகளாகவே தெரிந்த செய்தி.

நம் மொழியே இந்த வேலைக்குக் கடன்பட்டிருக்கிறது. இழைக்கும் 'நூல்' என்கிறோம், புத்தகத்துக்கும் 'நூல்' என்கிறோம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை விளக்கியிருக்கிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் ராட்டையின் கதிர் என்று ஒப்பிடுகிறார். இலக்கணம் படிக்க வரும் மாணவனுக்குப் புத்தகம் என்றால் என்ன என்று சொல்ல, அவன் வீட்டில் தினமும் பார்க்கிற காட்சியை எடுத்திருக்கிறார். நூற்கும் பெண் அந்த அளவுக்கு எல்லா வீட்டிலும் இருந்தாள்.

முதலில் போனது ராட்டைதான்

நெசவை இயந்திரம் அழித்தது என்று பொதுவாகச் சொல்வோம். அதில் ஒரு திருத்தம் தேவை. கைத்தறி அடிபட்டது, ஆனால் முழுவதும் அழியவில்லை. காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. கிட்டத்தட்ட முழுவதும் போனது கை நூற்பு. 1820-களிலிருந்து இங்கிலாந்து மில் நூல் பெருமளவில் வந்து இறங்கியது. மலிவு, ஒரே சீர், எளிதில் அறுந்து போகாது. நெசவாளர்கள் அதை வாங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். நூற்றவர்களுக்கு அப்படி மாறிக்கொள்ள வழி இல்லை. வீட்டில் இருந்தபடியே வந்துகொண்டிருந்த காசு நின்றுபோனது. ஒரே நாளில் மூடப்பட்ட ஆலை இல்லாததால் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவும் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து நூற்பு நம் பகுதிக்கே வேறு வடிவில் வந்தது. 1876-ல் பக்கிங்காம் மில், சில ஆண்டுகளில் கர்னாடிக் மில். 1920-ல் இரண்டும் இணைந்து பி அண்ட் சி ஆயின. நாம் சுருக்கமாகப் பின்னி மில் என்கிறோம். காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை. சங்கு ஊதும் நேரத்தை வைத்து வியாசர்பாடியும் பெரம்பூரும் புளியந்தோப்பும் பொழுதைக் கணக்கிட்டன. ஆனால் இந்த ஆலையில் வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் ஆண்களை. பெண்கள் கையிலிருந்து போன வேலை, ஆண்கள் நிற்கும் இயந்திர வரிசையாகத் திரும்பி வந்தது.

அங்கும் நூற்பவர்களின் கூலி பெரிய பிரச்சினையாகவே இருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1921 மே மாதம் கர்னாடிக் மில்லின் நூற்புப் பிரிவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூனில் பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது. மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டம், தொழிலாளர்களுக்குள் சாதிப் பிளவாக மாறிப் புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. நம் வடசென்னை வரலாற்றின் வலிமிகுந்த பக்கம் அது.

காந்தியும் எட்டணாவும்

அதே 1921 செப்டம்பர் 22 அன்றுதான் மதுரையில் காந்தி மேல்சட்டையைத் துறந்து அரைத்துணிக்கு மாறினார். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகும்போது, கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் காசு இல்லை என்று சக பயணிகள் சொன்னது அவர் மனதை உறுத்தியிருக்கிறது.

1925 செப்டம்பரில் அகில இந்திய சர்க்கா சங்கம் உருவானது. அதே ஆண்டு ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். திருப்பூர் தமிழ்நாட்டுக் கதரின் மையமாயிற்று. கிராமத்துப் பெண்கள் நூற்ற சிட்டங்களை எடுத்துக்கொண்டு கதர் மையத்துக்கு நடந்து வந்து, பஞ்சும் காசும் வாங்கிப் போனார்கள். சங்க காலப் பருத்திப் பெண்டின் பேத்திகள் என்றே சொல்லலாம்.

ராட்டையை மேம்படுத்தவும் முயற்சிகள் நடந்தன. வீட்டில் வைத்து ஓட்டக்கூடிய, 150 ரூபாய்க்கு மேல் போகாத நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1929-ல் அறிவித்தார்கள். பரிசை யாராலும் வெல்ல முடியவில்லை. பின்னர் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட ராட்டை ஒன்றை உருவாக்கினார். அவர் பெயரில் உள்ள 'அம்பர்' என்ற சொல்லோடுதான் அது இந்தியா முழுவதும் அம்பர் சர்க்கா என்று பரவியது.

எல்லாவற்றையும்விட நாம் நினைவில் வைக்க வேண்டியது 1935-ல் நடந்தது. நூற்கும் பெண்ணுக்குக் கிடைத்த கூலி மிகமிகச் சொற்பம். எட்டு மணி நேரம் நூற்றால் எட்டணா கிடைக்க வேண்டும் என்று காந்தி கேட்டார். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், வாங்குபவர்கள் ஓடிவிடுவார்கள் என்று இயக்கத்துக்கு உள்ளேயே அச்சம் இருந்தது. கடைசியில் எட்டணா வரவில்லை, ஆனாலும் கூலியை உயர்த்தத் தீர்மானம் ஆனது. மலிவான துணி வேண்டும் என்கிற ஆசைக்கும் அதைச் செய்தவளின் வயிற்றுக்கும் இடையே நடந்த வழக்கு அது. இன்று நாம் கண்காட்சியில் கைவினைப் பொருளை எடுத்து விலை பேசும்போதும் அதே வழக்குதான் நடக்கிறது.

தக்ளியும் குரோஷாவும்

நம் குடியிருப்பில் 70 வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நூற்பு வகுப்பு இருந்தது என்று பலர் சொல்வார்கள். ஒரு சாண் நீளக் கம்பி, கீழே பித்தளை வட்டு, மேலே சின்னக் கொக்கி. அதுதான் தக்ளி. வலது கையால் சுழற்றிவிட்டு, இடது கையில் உள்ள பஞ்சுப் பட்டையை மெல்ல இழுத்தால் முறுக்கு ஏறி நூல் வரும். முதல் சில நாள் அறுந்துகொண்டே இருக்கும். பழகியபின் கை தானாக ஓடும். வாய் சும்மா இருக்கும். அதனால்தான் நூற்பு எப்போதும் கூட்டமாக உட்கார்ந்து செய்கிற வேலையாக இருந்தது. ஊர்க்கதை, பாட்டு, வம்பு எல்லாம் அங்கேதான். காந்தி நினைவு நாட்களில் 'நூற்பு வேள்வி' என்று வட்டமாக அமர்ந்து நூற்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

கம்பளி நூற்பு நம் கடற்கரைக்கு உரியதல்ல. ஆடு மேய்த்த குறும்பர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஆட்டு ரோமத்தை நூற்றுக் கம்பளி நெய்தார்கள். நமக்கு வந்து சேர்ந்தது பாரிமுனைக் கடைகளில் விற்கும் 'உல்லன்' நூல். அதில் பெரும்பகுதி ஆட்டிடமிருந்து வந்ததல்ல, அக்ரிலிக் இழை. இருந்தாலும் குரோஷா ஊசியும் அந்த நூலும் எத்தனையோ வீடுகளில் பெண்களைச் சேர்ந்து உட்கார வைத்திருக்கின்றன. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, பல ஊர்ப் பெண்கள் வீட்டில் பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. சாதனை முடிந்ததும் போர்வைகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பெண்களுக்கும் சிறு விளக்கில் பஞ்சு சுத்தம் செய்த பெண்ணுக்கும் கை வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. இவர்கள் விருப்பப்பட்டால் வைத்துவிட்டு எழுந்து போகலாம். அவளால் முடியாது, மறுநாள் அரிசி அதில்தான் இருந்தது. நாம் இன்று மகிழ்ச்சிக்காகப் பின்னுகிறோம் என்றால் அது நல்ல காலம்தான். கூடவே அவளையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

பின்னி மில் 1996-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. மில்லைப் பார்த்தவர்கள், அங்கே வேலை செய்தவர்கள், பள்ளியில் நூற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் தக்ளியோ பெட்டி ராட்டையோ கிடந்தால், அல்லது தாத்தா பாட்டிக்கு நூற்புப் பிரிவு, கதர்க் கடை, நூற்பு வகுப்பு பற்றி ஏதாவது நினைவிருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். அடுத்த இதழ்களில் அவர்கள் பெயரோடு வெளியிடுவோம். குரோஷா தெரிந்த சகோதரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கம்யூனிட்டி ஹாலில் கூடிப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க முன்வந்தால், பெரியவர்கள் தக்ளியோடு பக்கத்தில் வந்து உட்காரட்டும்.