எல்லை மலைகளில் இறைமொழி

தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது 'தம்பிரான் வணக்கம்'. என்றிக்கு என்றீக்கசு என்னும் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரவர் ஆக்கிய அச்சிறு நூல் 1578 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20 ஆம் நாள் வெளிவந்தது. வெளிவந்த ஊர் மதுரையுமன்று, தூத்துக்குடியுமன்று. இன்றைய கேரளத்தின் கொல்லம். மறு ஆண்டே 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சாயிற்று. 1679 இல் புரோயென்சாவின் தமிழ் – போர்ச்சுகீசிய அகராதி அச்சேறியதும் திருச்சூர்ப் பக்கத்து அம்பழக்காட்டில்தான். ஆகவே தமிழில் மன்றாடுதல் கேரள மண்ணுக்குப் புதிதன்று. பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரை 'வந்தேறிகள்' என எளிதிற் சொல்லிவிடுவோர் இதனை ஒருகால் எண்ணிப் பார்த்தல் நலம்.

பாலக்காட்டின் நிலை தனிவகையானது. 1956 நவம்பர் முதல் நாள் வரை அது சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று கேரளத்துட் புகுந்தது. அரசு எல்லை மாறியும் திருச்சபையின் எல்லை மாறவில்லை. அப்பக்கத்து இலத்தீன் வழிபாட்டு முறையினருட் பலர் கோவை ஆயரையே தம் மேய்ப்பராகக் கொண்டிருந்தனர். 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தோன்றியபோதுதான் அப்பிணைப்பு அறுந்தது. மாநிலம் ஒன்று, மறைமாவட்டம் மற்றொன்று என்னும் இந்நிலை 57 ஆண்டுகள் நீடித்தது.

இடுக்கியின் கதை வேறு. 1877 இல் சான் தானியேல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்னர்க் காடழித்துத் தோட்டம் அமைக்க மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். முன்பணம் வாங்கிக்கொண்டு போடிமெட்டு வழியே மலையேறியோர் தம் தெய்வங்களையும் உடன் கொண்டு சென்றனர். மாரியம்மனும் சென்றாள், மரியன்னையும் சென்றாள். 1898 இல் எசுப்பானியக் கார்மேல் துறவி ஒருவர் மூணாற்றில் தொடங்கிய கார்மேல் மலை மாதா ஆலயம் 2024 இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

ஆலயம் எழுந்த காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. பீடத்தில் குரு ஒரு மொழியில் ஓத, மக்கள் தமிழிற் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட ஏட்டில் வழிபாட்டிலே தாய்மொழிக்கு இடந்தந்தது. 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட மற்றோர் ஏட்டில், விவிலியம் பொதுநிலையினர் அனைவர்க்கும் எளிதிற் கிட்டவேண்டும் என்றது. 1995 இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. எனினும் எல்லைப்புறத்தில் 'தாய்மொழி' என்னுஞ் சொல்லே வழக்குக்குரியதாகிவிடுகிறது. பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளம், வீட்டிலே தமிழ். மறைக்கல்வியை எம்மொழியிற் கற்பது? கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கும் இவ்வினா அந்நியமானதன்று.

தாய்மொழியிற் கேட்பதனால் விளைவது யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். மத்தேயு நற்செய்தியின் 20 ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை வருகிறது. விடியலில் வந்தவர்க்கும் பொழுதுசாய வந்தவர்க்கும் ஒரே கூலி. நகரத்து மறையுரைகளில் இது பெரும்பாலும் இறையருளைப் பற்றிய பாடமாகவே முடிந்துவிடும். தேயிலைக் கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுவோர்க்கோ அது வேறுவிதமாக ஒலிக்கும். முதலில் வந்தவன் முறுமுறுத்தது அவர்க்கு நன்றாகவே விளங்கும். தோட்டத்தில் மேற்பார்வையாளன் வழியாகக் கூலி கொடுக்கப்பட்டது என்பதும் அவர் செவிக்குத் தப்பாது. கங்காணியின் கணக்கேட்டிற் கடன்பட்ட தலைமுறையின் பேரர்கள் அல்லரோ! ஒரு வெள்ளிக்காசு என்பது அன்றைய யூதேயாவில் ஒரு குடும்பம் ஒருநாள் பிழைப்பதற்கான கூலி. வேலை நேரத்தை அளந்து கூலி தருவதா, வயிற்றை எண்ணிக் கூலி தருவதா என்பதே உவமையின் உட்கேள்வி என்பது நம் கருத்து. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 மே 15 அன்று வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலும் இவ்விடத்தையே தொடுகிறது: இருவரும் உடன்பட்ட கூலியாயினும், உழைப்பவன் வாழப் போதாததாயின் அது நீதியன்று என்பது அதன் நிலை.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள், இந்துக்களும் கிறித்தவரும் ஒன்றாக, தெருவில் அமர்ந்தனர். 19 விழுக்காடாக இருந்த போனசு 10 ஆகக் குறைந்ததே காரணம். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு 'பெண்பிள்ளை ஒருமை' என்னும் பெயரில் அவர்களே பேச்சு நடத்தி 20 விழுக்காடு பெற்றனர். இதனைச் சமயப் போராட்டம் என நாம் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆயினும் கூலி பற்றிய மறைநூற் பகுதியை ஞாயிறன்று வாசித்துவிட்டுத் திங்களன்று மறந்துவிடலாகாது எனக் கருதுவோர்க்கு இந்நிகழ்ச்சி நல்லதோர் உரைநூல்.

உவமையில் கூலி கொடுத்ததோடு பொழுது முடிகிறது; அன்றிரவு அவ்வேலையாட்கள் எங்கே உறங்கினர் என்று மத்தேயு கூறவில்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வுபெற்றோர், வீட்டில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையாயின், லயத்தை விட்டு இறங்க வேண்டும். பூர்வீக ஊர் என்று தேனியையோ தென்காசியையோ சுட்டுவோருட் பலர்க்கு அங்கே வீடுமில்லை, நிலமுமில்லை. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மறைந்தன. மாண்டோரும் காணாமற் போனோருமாக 70 பேர். தப்பியவர்களுள் 8 குடும்பங்கட்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு ஒதுக்கிய நிலத்தில் தனி வீடுகள் எழுந்தன.