கீழாநெல்லி வாங்கிய நல்ல பெயர்

திருச்சுழின்னா ரமண மகரிஷி பிறந்த ஊர்னு சொல்வீங்க. எனக்கு அது சொந்த ஊர். எங்க பக்கம் ஒருத்தருக்குக் கண்ணு மஞ்சளாச்சுன்னா முதல் கேள்வி, "கீழாநெல்லி கொடுத்தாச்சா?" அப்புறம் பத்தியம். உப்பு, எண்ணெய், முட்டை, கறி எதுவும் கூடாது. இந்த வைத்தியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது? இந்த எபிசோடில் அதைத்தான் பேசப்போறேன்.

காமாலை ஒரு நோய் இல்லை, அறிகுறி. வைரஸால் வரலாம், பித்தக் கல்லால் வரலாம், குடியால் கல்லீரல் அழற்சி வந்தும் வரலாம். நாம எல்லாத்துக்கும் ஒரே பெயர் வச்சிருக்கோம். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஏ வகை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்போது எந்த இலையை அரைத்துக் கொடுத்திருந்தாலும் பெயர் அந்த இலைக்குத்தான்.

1988-ல் விஷயம் உலக அளவுக்குப் போனது. சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்கும் மற்றவர்களோடு சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முக்கியமா, அது பி வைரஸுக்கான ஆய்வு. குடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ குடித்துக் காமாலை வந்தவர் எப்படித் தேறினார்? பத்தியத்தில் இன்னொரு விதியும் உண்டு: சாராயம் தொடக்கூடாது. என் கணிப்பில் வேலை செய்தது அந்த ஒரு விதிதான். புகழ் மட்டும் இலைக்குப் போச்சு. அதனாலதான் "மஞ்சள் இறங்கிருச்சு"ன்னு சொல்லி மனுஷன் மறுபடி கடைக்குப் போறார். வீட்டுக்கும் 'காமாலை'ங்கிற சொல் வசதி. குடின்னு வாயால சொல்ல வேண்டாம் பாருங்க.

பத்தியத்தின் மறுபாதி அவருக்குக் கெடுதல். பல வருஷம் குடித்தவர் உடம்பில் ஏற்கெனவே சத்து இருக்காது. முட்டை, பருப்பு, ராத்திரி படுக்கும்முன் கொஞ்சம் சாப்பாடு, இதெல்லாம் அவருக்குத் தேவை. உப்பைக் குறைப்பது வயிற்றில் நீர் கோத்தவருக்குப் பொருந்தும்.

சரி, இங்கிலீஷ் மருந்து? நோய் முற்றியவர்களில் சிலருக்கு ஸ்டீராய்டு தருவார்கள். பிரிட்டனில் 1,100 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2015-ல் வந்தது. முதல் மாதத்தில் ஏதோ கொஞ்சம் பலன் மாதிரி தெரிந்தது, அதுவும் உறுதியாக இல்லை. மூன்று மாதத்தில் வித்தியாசமே இல்லை. குடியை விடுவதற்கு ஈடான மாத்திரை இன்னும் வரவில்லை.

எங்க ஊரிலிருந்து முற்றிய கேஸ் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகும். அதுக்கு அரசு இராஜாஜி மருத்துவமனைன்னு பெயர். 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த அதே ராஜாஜி. 2003-லிருந்து சில்லறைக் கடையை நடத்துவதும் அரசுதான்.

ஒரு விஷயம் மட்டும். தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீர்னு நிறுத்தாதீங்க. இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். டாக்டரிடம் கூட்டிப் போங்க. எவ்வளவு குடிப்பார்ங்கிறதை மறைக்காம சொல்லுங்க.