சாமிக்கு வைத்த முடி



"சார், நீங்க வரலாறு சொல்லிக் கொடுத்தவர். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சோழர், பாண்டியர் என்று ஏதாவது எழுதியிருக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வகுப்பினர் குடும்பத்தோடு புளியஞ்சோலைக்குப் போய் வந்ததிலிருந்து வேறொரு வரலாறு மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அது தலைமுடியின் வரலாறு. சிரிக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், துறையூருக்கு அப்பால், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருப்பது புளியஞ்சோலை. மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கையாய் விழும் அய்யாறு, பாறை பாறையாய் உருண்டு இங்கேதான் தரை தொடுகிறது. பழைய மாணவர்களில் அந்தத் தண்ணீரில் குளிக்காதவர் குறைவு. 1973 பிப்ரவரியில் நாங்களும் போனோம். அதற்கு இரண்டு வாரம் முன்பு விடுதியில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பெல்பாட்டமும் காதை மூடும் கிராப்பும் வந்த காலம் அது. முடி வளர்த்தவனெல்லாம் ஹிப்பி என்பது பெரியவர்கள் கணக்கு. எங்கள் விடுதியில் கொல்லிமலையிலிருந்து வந்த மலையாளி இன மாணவர் ஒருவர் இருந்தார். (மலையில் வாழ்வதால் வந்த பெயர்; கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) முடி தோளைத் தொட்டிருக்கும். "வெட்டு" என்றார் காப்பாளர். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர வெட்டவில்லை.

நான் அப்போது மாணவர் தலைவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். வேதாகமம் விரல்நுனியில் என்ற நினைப்பு வேறு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ஆண் முடியை நீளமாய் வளர்ப்பது இழிவு என்று பவுல் எழுதியதை விளக்கினேன். "எங்க அம்மா வேண்டுதல்ப்பா. ஆடிப் பதினெட்டுக்குக் கோயில்ல எடுத்திடுவேன்" என்றார் அவர். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன். அன்று சாயங்காலம் நாலு பேராகச் சேர்ந்து நாவிதரைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டோம். அவர் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம்.

புளியஞ்சோலைக்குக் கல்லூரிப் பையன்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருடைய தாயார் மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்திருந்தார். எங்கள் எல்லோருக்குமாகக் கூடை நிறைய மலைவாழைப்பழம். மகனைப் பார்த்தார். தலையைத் தடவினார்.

"சாமிக்கு வச்சிருந்ததை யாருக்குடா குடுத்தே?"

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாள் கொடுத்த பழத்தை வாங்கித் தின்றேன்.

பிறகு வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, இந்தச் சண்டை எங்கள் விடுதியில் தொடங்கியதல்ல என்று.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் டி நொபிலி (நம் தத்துவபோதகர்) காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், புலால் ஒழித்தார். தம்மிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அங்கேயே இருந்த போர்ச்சுகீசியக் குருவுக்கு இது பொறுக்கவில்லை; புகார் பறந்தது. 1619இல் கோவாவில் கூடி விவாதித்தார்கள். கடைசியில் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மூடப் பழக்கங்களை நீக்கிவிட்டு அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். மதுரைக்காரர் தலையில் இருக்க வேண்டிய ஒரு பிடி முடிக்கு ரோமாபுரியில் தீர்ப்பு! இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பூணூலை அனுமதித்தது சாதியையும் சேர்த்து அனுமதித்ததாயிற்று. அதனால்தான் 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவே தேவைப்பட்டது.

புராட்டஸ்டண்டு சபைகளிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. தஞ்சைச் சபைக்கு வந்த இளம் மிஷனரிமார் விசேஷங்களில் பூ கூடாது என்றபோது, வேதநாயகம் சாஸ்திரியார் 1829 வாக்கில் அதை எதிர்த்து எழுதினார். அதே எழுத்தில் சபைக்குள் சாதி வேற்றுமையையும் அவர் தாங்கிப் பேசினார் என்பதை மறைப்பதற்கில்லை. குடுமியை அறுத்தால்தான் கிறிஸ்தவன் என்று சில மிஷனரிகள் பிடிவாதம் பிடித்த காலத்தில், 1867இல் கால்டுவெல் குடுமியைப் பற்றித் தனியாகவே ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது சிலை வணக்கத்தின் அடையாளமல்ல, நாட்டு வழக்கம் என்பது அவர் வாதம்.

தெற்கே திருவிதாங்கூரில் கதை வேறு. அங்கே நாடார் பெண்கள் தோளை மறைத்துத் துணி போடக் கூடாது என்றது மேல்சாதி வழக்கம். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1814இல் கர்னல் மன்றோ உத்தரவிட்டும், போட்டவர்களின் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26ஆம் தேதிப் பிரகடனம் வரும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் போராட்டம். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டுதான் வந்தது.

ஓரிடத்தில் வைத்திருந்ததை எடுக்கச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் போட விரும்பியதைப் போடாதே என்றார்கள். துணி, முடி, பூ எல்லாம் சாக்கு. ஒருவர் உடம்பின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதே கேள்வி.

நான் கையில் பிடித்துக்கொண்டு போன வேதாகமத்திலேயே பதில் இருந்தது. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் நசரேய விரதம் வருகிறது. விரத நாட்கள் முடியும்வரை தலையில் கத்தி படக் கூடாது. முடிந்ததும் அந்த முடியைக் கடவுள் சந்நிதியில் இறக்க வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தில் பவுலே ஒரு பொருத்தனையின் பேரில் கெங்கிரேயாவில் தலையைச் சவரம் செய்துகொள்கிறார். அந்த ஊர் கொரிந்து நகரின் துறைமுகம். கொரிந்தியருக்கு முடியைப் பற்றி எழுதிய அதே பவுல்! என் நண்பரின் தாயார் செய்ததும் இதுதானே? நான் ஒரு வசனத்தை மட்டும் படித்துவிட்டு நாவிதரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இனி அந்த அம்மாள் இறங்கி வந்த மலையின் மேலேயே பார்ப்போம். 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம் முடித்துக் கொல்லிமலை ஏறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர். எவலின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர். 1929இல் காய்ச்சலில் கணவர் இறந்தார். எவலின் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. தாமாகவே மலைக்கு வந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ப் போய் நோயாளிகளைக் கவனித்தார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்தார். அதாவது நாங்கள் புளியஞ்சோலையில் கும்மாளமிட்ட நாளில் அவர் உயிரோடுதான் இருந்தார்.

அவரைப் பற்றி அவர் மகன் சொன்ன செய்தி ஒன்று உண்டு. கடைசி இருபது ஆண்டுகள் அந்த அம்மையார் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். அழகை வரையக் கற்றவர், சுருக்கம் விழுந்த தம் முகத்தைப் பார்ப்பது அவசியமில்லை என்று விட்டுவிட்டார்.

அந்த மகன் 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். விரல் நிமிர்ந்தும் அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்த முகத்தையும் அமுங்கிய மூக்கையும் பார்த்தே ஊர் விரட்டியது. எனவே மூக்கைச் சீரமைத்தார். தலையில் முடியுள்ள தோலை எடுத்துப் புருவத்தில் வைத்துத் தைத்தார். தாய் தம் கண்ணாடியை எடுத்துவிட்டார். மகன் பிறருக்குப் புருவம் கொடுத்தார். இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவைதான். தன் தோற்றத்தைத் துறக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் தோற்றத்தைத் தொட வேண்டுமானால், அவர் கேட்க வேண்டும், அது அவருக்கு மானத்தைத் திருப்பித் தர வேண்டும். நான் செய்தது இரண்டிலும் சேராது.

சென்ற ஆண்டு புளியஞ்சோலைக்கு அந்த நண்பரும் பேரன் பேத்தியோடு வந்திருந்தார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "இப்ப நீ எவ்வளவு சட்டம் போட்டாலும் வெட்ட ஒண்ணுமில்லை" என்று சிரித்தார். பாறையில் உட்கார்ந்து, ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே விட்டுட்டேன்ப்பா. மறுபடி வளர்த்து அடுத்த ஆடிக்குக் குடுத்தாச்சு. ஆனா எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் ஸ்டைலுக்கு வெட்டிக்கிட்டேன்னு கடைசிவரைக்கும் நினைச்சிட்டே போயிட்டாங்க."

என்னிடம் பதில் இல்லை.

இன்றைய மாணவர்களே, உங்கள் கல்லூரிக்கு விதிகள் இருக்கும், இருக்கட்டும். ஆனால் பக்கத்து அறைத் தோழன் தலையில் பட்டையோ தொப்பியோ தலைப்பாகையோ நீளமுடியோ பார்த்தால், வசனத்தை எடுப்பதற்கு முன் "என்னப்பா விஷயம்?" என்று கேளுங்கள். கேட்டபின் அவன் சொல்வதையும் காதில் வாங்குங்கள். எனக்குச் சொன்னார், நான் வாங்கவில்லை.