மனமும் மருந்தும்



நோயைத் தீர்ப்பது மருந்தா, மனமா? இவ்வினா மிகப் பழமையானது. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். நான்கில் மூவர் மாந்தர். மாந்தர் உள்ள இடத்தில் மனமும் உண்டு. அம்மனத்தின் ஆற்றல் எவ்வளவு, அதன் எல்லை எது என்பதை அளந்து காணவோ, உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்க மருத்துவர் எலிசா பெர்க்கின்சு என்பார் 1796இல் இரண்டு உலோகக் கோல்களுக்குக் காப்புரிமை பெற்றார். நோவுள்ள இடத்தை அவற்றால் தடவினால் நோவு நீங்கும் என்றார். இங்கிலாந்துச் செல்வர்களும் அவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். 1799இல் பாத் நகரத்து மருத்துவர் ஜான் ஹேகார்த் அக்கோல்களைச் சோதிக்க முற்பட்டார். மரக்கோல்களுக்கு உலோகம் போல் வண்ணம் பூசி, கீல்வாதம் உடைய ஐவரை அவற்றால் தடவச் செய்தார். நால்வர் நோவு தணிந்தது என்றனர். மறுநாள் மெய்யான உலோகக் கோல்களால் தடவியபோதும் பயன் அவ்வளவே! ஆற்றல் கோலில் இல்லை, நம்பிக்கையில் இருந்தது என்பது விளங்கிற்று.

அந்நால்வரும் பொய் கூறினரோ? இல்லை. 1978இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், பல் பிடுங்கப்பட்ட நோயாளர்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. அபினியின் செயலைத் தடுக்கும் நாலோக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் அவர்களுக்கு வலி மிகுந்தது. அபினியை ஒத்த பொருள்களை நம் உடலே சுரக்கின்றது. நம்பிக்கை அச்சுரப்பைத் தூண்டுகின்றது என்று ஆராய்ந்தோர் முடிவு கூறினர். ஆகவே, மனம் தரும் தணிவும் மெய்யான தணிவே.

எனினும், அது எல்லா நோய்க்கும் போதுமா? இதற்கு விடை காண நம் தமிழகத்துக்கு வருவோம். காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசிமருந்தைச் செய்வதற்கு 1948இல் சென்னைக் கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஊசியின்பால் பலர் பெருநம்பிக்கை கொண்டனர். 1955இல் இராஜாஜி அதனை வன்மையாக எதிர்த்து நூலே எழுதினார். நம்பிக்கை ஒருபுறம், ஐயம் மறுபுறம். இவற்றிடையே தீர்ப்பு வழங்கக் கணக்கு ஒன்று வேண்டியிருந்தது.

அக்கணக்கு 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் ஒரு சாரார்க்குத் தடுப்பூசியும், மற்றவர்க்கு வெற்று ஊசியும் போடப்பட்டன. யாருக்கு எது என்பதைப் போட்டுக்கொண்டவரும் அறியார்; பின்னர் நோயைத் தேடிச் சென்றவரும் அறியார். காண விரும்புவதையே கண் காணும் ஆதலின், மருத்துவரின் மனத்தையும் இவ்வாறு விலக்கி வைக்க வேண்டியிருந்தது. ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளிவந்தபோது உலகம் வியந்தது. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் இரு சாரார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனினும், குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அவ்வூசி காப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் போடப்படுகின்றது.

மரக்கோலும் வெற்று ஊசியும் கற்பித்த பாடம் இதுதான்: மனம் நோவைத் தணிக்கும், ஆனால் கிருமி நம் மனத்தைக் கேட்டு நடப்பதில்லை.

இப்பாடம் ஏட்டோடு நிற்பதன்று. சேர்வராயன் மலைப்பக்கத்துப் பொம்மிடியில் ஒருவர் இரண்டு வாரமாக இருமுகிறார் என்று கொள்வோம். வீட்டார் திருநீறு பூசுகின்றனர். அவர் நெஞ்சில் தெம்பு பிறக்கின்றது. அத்தெம்பைப் பழிக்க வேண்டா. ஆயின், சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் அதற்குக் கட்டணம் இல்லை. காசநோய் என்று தெரிந்தால், வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை உண்ண வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். ‘நலமாகிவிட்டேன்’ என்று மனம் சொல்லும். அச்சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்துவோரிடம், எஞ்சிய கிருமி மருந்துக்கும் அடங்காததாய்த் திரும்பி வரக்கூடும்.

அப்போது அருகிருந்து, “இன்னும் மாத்திரை உண்ணுங்கள், ஐயா” என்று நாள்தோறும் நினைவூட்ட ஒருவர் வேண்டும். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அதுவே. அப்பணியை நம் வீட்டில் செய்யத்தக்கவர் மாணவராகிய நீங்களே.