பறங்கிப்பட்டை: வகுப்பில் சொல்லாமல் விட்ட மீதி



வரலாற்றுப் பாடத்தில் 1505இல் போர்த்துக்கேயர் வந்த கதையை நடத்திக்கொண்டிருந்தோம். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மகள் எழுந்து கேட்டாள்: "சேர், எங்க அப்பாயி மூட்டு வலிக்கு பறங்கிப்பட்டை இடிச்சுக் குடிக்கிறாங்க. அது பறங்கிக்காரன் கொண்டுவந்ததா?"

"அது சீனாவிலிருந்து கடல் வழியாக வந்த கிழங்கு, மகள். கோவாவிலிருந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். எந்த நோய்க்காக அந்தக் கிழங்கை அப்படித் தேடினார்கள் என்பதைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. மணி அடித்தது, தப்பித்துக்கொண்டோம். அந்த மீதியை இங்கே எழுதுகிறோம். பெரியவர்கள் வாசித்தால் போதும், பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பிறகு சேர்ந்து யோசிப்போம்.

அந்த நோய் சிபிலிஸ். 1495இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படையிடையே அது பெரிதாகத் தலைகாட்டியது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். துருக்கியரும் அரபிகளும் ஐரோப்பியரின் நோய் என்ற பொருளில் ஃபிரெங்கி, இஃப்ரஞ்சி என்றார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அடுத்த நூற்றாண்டில் எழுதப்பட்ட பாவப்பிரகாசம் என்ற சமஸ்கிருத வைத்திய நூல் அதை ஃபிரங்க நோய் என்கிறது. தமிழில் பறங்கிப் புண் ஆனது. யாரும் தன் பெயரை அந்த நோய்க்கு வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் இந்தப் பெயர் இன்னொரு நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. சிங்களத்தில் பறங்கி என்றால் 'யோஸ்' என்ற தோல் நோய். ஏழைக் கிராமங்களில், பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கு, தோலோடு தோல் பட்டுப் பரவியது. 1905இல் கொழும்பில் வேலை செய்த இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெல்லானி அதன் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு பெர்லினில் ஷௌடினும் ஹொஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். இரண்டும் சுருள் வடிவக் கிருமிகள், ஒரே குடும்பம். ஆனால் யோஸ் பாலுறவால் வருவதல்ல. நோய் யாரிடம் இருக்கிறது என்பதை வைத்து அவருடைய ஒழுக்கத்தை அளப்பது எவ்வளவு பெரிய பிழை என்று அந்தப் பிள்ளைகளை நினைத்தாலே விளங்கும்.

பெயர் வைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, சட்டமும் போட்டார்கள். பிரித்தானிய அரசு தன் சிப்பாய்களைக் காக்க என்று இந்தியாவில் 1868இல் தொற்று நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையிலும் அதே காலத்தில் அப்படியொரு கட்டளைச் சட்டம் வந்தது. விலைமாதர் என்று பதியப்பட்ட பெண்களைக் கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தார்கள். அவர்களிடம் போன ஆண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருவர் சேர்ந்தால்தான் பரவும் நோயில் ஒருவரை மட்டும் பிடித்து அடைத்தால் நோய் எப்படிப் போகும்? இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். அங்கே 1886இலும் இந்தியாவில் 1888இலும் சட்டம் நீக்கப்பட்டது.

மருந்தின் கதையும் நீளமானது. பறங்கிப்பட்டை, பாதரசம், பிறகு 1910இல் ஆர்செனிக் சேர்ந்த சல்வார்சன். பாதரசம் நோயாளியையே வாட்டியது. 1943இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் மஹோனி பென்சிலினால் சிபிலிஸ் குணமாகும் என்று காட்டினார். எண்பது ஆண்டு கடந்தும் இன்றும் அதுதான் முதல் மருந்து. ஆரம்ப நிலையில் நீண்ட நாள் வேலை செய்யும் பென்சிலின் ஒரே தடவை ஊசியாகப் போட்டால் போதும். நாட்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம்.

இவ்வளவு எளிய மருந்து இருந்தும் நோய் ஏன் ஒழியவில்லை? முதல் புண் பெரும்பாலும் தொற்றி மூன்று வாரமளவில் வரும், வலிக்காது. சில வாரங்களில் தானாக ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்பு வரலாம், அதுவும் மறைந்துவிடும். அதன் பின் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். ஒருமுறை குணமானாலும் மறுபடி தொற்றும். மனைவி ஊசி போட்டு, கணவன் போடாவிட்டால் அதே நோய் திரும்ப வந்து சேரும்.

அதனால்தான் நம் நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருடைய இரத்தத்தையும் பரிசோதிக்கிறார்கள். லயத்துப் பெண்ணா, டவுன் பெண்ணா, எந்த மார்க்கம் என்று பார்ப்பதில்லை. இதன் பலனாக, தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. லயம் லயமாக நடந்து போகும் மிட்வைஃப் மிஸ்மாருக்கும் அதில் பெரிய பங்குண்டு.

ஆனால் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பெண் வீட்டுக்குப் போக வேண்டுமே. அங்கே முதல் கேள்வி "யாரிடமிருந்து?" என்றுதான் வரும். கணவன்மார் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இரத்தப் பரிசோதனை நோய் இருக்கிறதா என்றுதான் சொல்லும். யார் கொடுத்தது என்று அது சொல்லாது. கல்யாணத்துக்கு முன்பே ஒருவருக்கு வந்து, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அது கணவனாகவும் இருக்கலாம். முதலில் தெரிய வந்தவர் என்பதற்காக அவர்தான் தொடங்கியவர் என்று முடிவு கட்டினால், நாமும் அந்தப் பழைய சட்டத்தையே வீட்டுக்குள் நடத்துகிறோம்.

பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் மாவட்டங்கள்தோறும் உண்டு, பதுளையிலும் இருக்கிறது. கடிதம் தேவையில்லை, காசு இல்லை, விவரம் வெளியே போகாது. துணையையும் அழைத்து வரச் சொல்வார்கள். போனால் இருவரும் போங்கள். அண்மையில் தொற்றியதாக இருந்தால், துணைக்குப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வைத்தியர் ஊசி போடச் சொல்லலாம், மறுக்க வேண்டாம். இருவருக்கும் சிகிச்சை முடிந்து வைத்தியர் சொல்லும்வரை உறவைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம். அடுத்த முறை அந்த மகள் கேட்டால், அவள் வயதுக்கு ஏற்ற அளவில் முழுப் பதிலையும் சொல்லத்தான் நினைத்திருக்கிறோம். மற்ற ஆசிரியர்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.