உபதேசியார்

உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாமலே ஓர் ஊரின் கிறித்தவ சபையை நடத்துவதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட பொதுநிலைத் தலைவர் ஆவார். கத்தோலிக்கர் இவரை வேதியர் என்றும் அழைப்பர். திருநெல்வேலிப் பகுதியின் சீர்திருத்தத் திருச்சபைகளில் சபை ஊழியர் என்ற பெயரும் வழங்குகிறது. தமிழகத்தில் கிறித்தவம் ஊர்தோறும் நிலைபெற்றதில் இவர்களின் பங்கு பெரிது. எனினும் யாரைப் பயிற்றுவிப்பது, பயிற்சி பெற்றவரைக் குருவாக்கலாமா, அதை முடிவு செய்வது யார் ஆகிய கேள்விகள் இப்பணியின் வரலாறு முழுவதும் எழுந்துள்ளன.

பணிகள்

ஒரு குருவானவரின் பொறுப்பில் பல ஊர்ச் சபைகள் இருப்பது வழக்கம். இத்தகைய சபைகளின் தொகுப்பு சேகரம் எனப்படும். குருவானவர் ஓர் ஊருக்கு எப்போதாவது ஒருமுறையே வர இயலும் என்பதால், இடைப்பட்ட நாட்களில் சபை உபதேசியாரின் பொறுப்பில் இருக்கும். காலை, மாலை வழிபாடுகளை நடத்துதல், ஞானஸ்நானம் பெற விரும்புவோருக்கு ஞானோபதேசம் கற்பித்தல், நோயாளிகளைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், ஊர்ச் சண்டைகளைத் தீர்த்து வைத்தல் ஆகியன இவரின் முதன்மைப் பணிகளாகும். பல ஊர்களில் பள்ளி ஆசிரியரும் இவரே. ஆயினும் திருவிருந்து வழங்கும் உரிமை குருவுக்கே உரியது. இதனால் பயிற்சி பெற்ற உபதேசியார் இருந்தும் திருவிருந்து பெறாமல் சபைகள் நெடுநாள் காத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

வரலாறு

முத்துக்குளித்துறை

1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியார், முதன்மையான செபங்களை உள்ளூரார் துணையுடன் தமிழில் மொழிபெயர்த்து, மனப்பாடமாகக் கற்பித்தார். அவர் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும்போது, செபங்களைத் தொடர்ந்து கற்பிக்கவும், இறக்கும் தறுவாயிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் ஒருவரை அமர்த்திச் சென்றார். இவர்கள் கணக்கப்பிள்ளை எனப்பட்டனர். இவர்களுக்குப் போர்த்துக்கீசிய அரச வருவாயிலிருந்து ஊதியம் அளிக்கப்பட்டது. பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கச் செய்வதே அக்காலப் பயிற்சியின் சாரம் எனலாம்.

தரங்கம்பாடி

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, சபைப் பணிக்கு உள்ளூரார் தேவை என்பதை உணர்ந்து, 1716 இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு ஏற்கெனவே அச்சாகியிருந்ததால், மாணவர்கள் மனப்பாடத்துடன் நில்லாமல் நூலைப் படித்து விளக்கவும் பயின்றனர்.

கடலூரில் பிறந்த ஆரோன் 1718 இல் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் உபதேசியாராகப் பணியாற்றினார். 1733 ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, சீர்திருத்தத் திருச்சபைகளின் முதல் இந்தியக் குருவானார்.

அதே காலத்தவரான இராஜநாயக்கன் தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். தமிழில் அச்சான வேதப் பகுதிகளைப் படித்து தரங்கம்பாடி சபையைத் தேடி வந்தார். தஞ்சை நாட்டில் கடும் எதிர்ப்புக்கிடையே, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உபதேசியாராக உழைத்து 1771 இல் மறைந்தார். 1741 இல் இரண்டாவது இந்தியக் குருவைத் தேர்ந்தெடுத்தபோது இவரது பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் பறையர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் கையால் பிற சாதிக் கிறித்தவர்கள் திருவிருந்து பெற மறுப்பர் என மறைப்பணியாளர்கள் அஞ்சினர். குருப்பட்டம் தியோகு என்பவருக்கு அளிக்கப்பட்டது. பயிற்சியும் தகுதியும் இருந்தும் சாதி தடையாக நின்றதற்கு இது தெளிவான சான்றாகும்.

திருநெல்வேலி

பாளையங்கோட்டை சபையின் தொடக்கம், 1778 இல் சுவார்ட்சு பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பெண்மணியின் முயற்சியால் அமைந்தது. அவர் எழுப்பிய ஆலயம் 1785 இல் திறந்து வைக்கப்பட்டது. 1790 இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற முன்னாள் உபதேசியார் சத்தியநாதன் இப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1799 இல் முதல் கிறித்தவக் குடியிருப்பாக முதலூர் அமைந்ததில் உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது.

1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியசு ஐயர் பயிற்சியை முறைப்படுத்தினார். மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நிறுவியதுடன், ஏற்கெனவே பணியிலிருந்த உபதேசியார்களை மாதந்தோறும் வரவழைத்து அவர்களின் பணியைக் கேட்டறிந்து பாடம் நடத்தினார். பணியையும் படிப்பையும் பிரிக்காத இம்முறை பின்னாளில் பரவலாகப் பின்பற்றப்பட்டது.

உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்கும் முறை பற்றி 1830களில் பிணக்கு ஏற்பட்டது. ஆங்கிலிக்கன் ஆயரே பட்டம் அளிக்க வேண்டும் எனத் திருச்சபை மறைப்பணிச் சங்கம் கருதியது. லூத்தரன் முறையில் பட்டம் பெற்ற ரேனியசு அதை ஏற்கவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைக் குறைகூறி எழுதியதற்காக 1835 இல் அவர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் திருநெல்வேலியை விட்டுச் சென்றபின், உபதேசியார்கள் பலர் வேண்டி அழைத்ததால் அதே ஆண்டில் திரும்பி வந்தார். சபைகள் இரண்டாகப் பிளவுபட்டன. 1838 இல் அவர் இறந்த பின்னரே பிளவு ஆறியது. வெளிநாட்டுச் சங்கத்திடம் ஊதியம் பெற்றாலும் உபதேசியார்கள் தமக்கென நிலைப்பாடு கொண்டிருந்தனர் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாளையங்கோட்டைப் பயிற்சி நிறுவனத்தை எட்வர்டு சார்ஜென்ட் நடத்தினார். சாயர்புரத்தில் ஜி. யு. போப் அமைத்த கல்லூரியும் சபைப் பணியாளர்களை உருவாக்கியது. இப்பயிற்சி பெற்ற உபதேசியார்கள் பலர் பின்னர் குருமார்களாயினர்.

பெண்கள்

ஆண்கள் நுழைய இயலாத வீட்டு உள்ளறைகளில் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்த பெண் பணியாளர்கள் வேதாகமப் பெண்கள் எனப்பட்டனர். உபதேசியாரின் மனைவியும் ஊதியமின்றி இப்பணியில் பங்கு கொண்டார். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912 இல் தோர்ணக்கல் ஆயரான வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டுச் சிற்றூர் ஆசிரியர்களுடன் அவர்களின் மனைவியரையும் பயிற்சியில் சேர்த்தார். ஒரு குடும்பமே ஊருக்கு முன்மாதிரியாக அமைய வேண்டும் என்பது அவரது கருத்தாகும்.

அண்மைக் காலம்

1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின்னரும் இப்பணி தொடர்ந்தது. 1969 இல் மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 1971 இல் பெங்களூரில் விரிவாக்க இறையியல் கல்விக்கான அமைப்பு உருவானது. தம் தொழிலையும் ஊரையும் விட்டு வராமலே, பாடநூல்களைக் கற்றுக் குறித்த நாட்களில் குழுவாகக் கூடிப் பயிலும் முறை இதனால் பரவியது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 இல் வேதியர்களுக்கு உரிய பயிற்சியும் நியாயமான ஊதியமும் வேண்டும் என வலியுறுத்தியது. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிசு வேதியர் பணியைப் பொதுநிலையினருக்குரிய நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். இது ஆண், பெண் இருபாலருக்கும் உரியது. எனினும் இதனால் வேதியர் குருவாவதில்லை. நற்கருணைத் திருப்பலி நிறைவேற்றும் உரிமை குருவிடமே உள்ளது.