திருமஞ்சனமும் குங்குமப்பூவும்

திருக்குடமுழுக்கு நன்னாளில் இறைவன் திருமேனிக்கு ஆட்டப்பெறும் கலச நீரிலும், பின்னர்ச் சாத்தப்பெறும் சந்தனக் கலவையிலும் சேரும் நறுமணப் பொருள்களுள், ஏலம், பச்சைக் கருப்பூரம் முதலியவற்றோடு குங்குமப்பூவும் ஒன்று. அன்பர் பலர் இதனை உபயமாக அளிக்கின்றனர். தாம் அளிப்பது எங்கு விளைவது, மெய்யோ போலியோ என்று அறிந்து அளித்தல் நலமாகலின், அதனைப் பற்றிச் சில கூறப் புகுகின்றாம்.

முதற்கண் பெயர் மயக்கம் ஒன்றைத் தீர்த்தல் வேண்டும். நெற்றியில் அணியும் குங்குமம் மஞ்சளினின்றும் ஆக்கப்படுவது. குங்குமம் என்னும் வடசொல்லோ இப்பூவின் செவ்விழையைக் குறிப்பது. நிறவொப்புமையால் மஞ்சட் பொடிக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. அபிராமி அந்தாதியின் முதற்பாடலில் அம்மையின் திருமேனிக்கு உவமையாக வருவது மணம் கமழும் குங்கும நீரே. வடமொழி நிகண்டாகிய அமரகோசம் இதற்குக் 'காச்மீரத்தில் பிறந்தது' எனப் பொருள்படும் பெயரொன்றைத் தருகின்றது.

அக் காச்மீரம் உற்பலதேவரும் அபிநவகுப்தரும் வாழ்ந்து பிரத்தியபிஞ்ஞைச் சைவத்தைத் தழைப்பித்த நாடாகும். கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் இராசதரங்கிணி இயற்றிய கல்ஹணர், துறக்கத்தும் அரியனவாய்த் தம் நாட்டில் எளியனவாய் உள்ள பொருள்களுள் கல்வியோடு குங்குமப்பூவையும் எண்ணினார். அவர்க்கு முற்பட்ட பில்ஹணர், தம் ஊரின் ஒரு பால் குங்குமமும் மற்றொரு பால் திராட்சையும் விளைதலைப் பெருமையொடு பாடினார். அவ்வூர்க்கு அணித்தாயது பாம்பூர், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த பதுமபுரமே இன்று இப்பெயர் பெற்றுளது. அப்பகுதியில் சேவன் என்னும் ஊரின் சுனையிலிருந்தே குங்குமப்பூ வித்துத் தோன்றிற்று என்பது வழக்கு. பயிரிடத் தொடங்குங்கால் உழவர் அச்சுனையை வழிபட்டுப் பசுவின் பாலைச் சொரிவர் என்றும், பால் அமிழ்ந்தால் விளைவு மிகும் எனக் கருதுவர் என்றும் அக்பரின் அமைச்சர் அபுல் பசல் எழுதிவைத்துள்ளார். வழிபாட்டொடு தொடங்கிய விளைவு வழிபாட்டிற்கே வந்து சேர்தல் எத்துணைப் பொருத்தம்!

இச்செடி வித்து உண்டாக்குவதன்று. கிழங்கு பெருகக் கண்டு, தோண்டிப் பிரித்து, மனிதர் கையால் மீண்டும் நட்டாலன்றி வாழாது. நீர் தேங்கின் கிழங்கு அழுகுமாதலால், 'கரேவா' எனப்படும் வடிகால் மிக்க மேட்டு நிலங்களே இதற்கு ஏற்றவை. அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் வரை ஊதா நிறப் பூக்கள் மலரும். வெயில் ஏறுமுன் அவற்றைக் கொய்வர். ஒரு பூவில் கிடைக்கும் சூலக நுனிகள் மூன்றே. ஒரு கிலோ உலர்ந்த இழைக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். மஞ்சள் அடிப்பகுதி நீக்கிய முழுச் சிவப்பிழை 'மோங்ரா'. அடியொடு கூடியது 'லச்சா'. உலக விளைவிற் பெரும்பகுதி ஈரான் நாட்டினது. காச்மீரக் குங்குமப்பூ 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது.

அருமை மிக்க பொருளுக்குப் போலியும் மிகுதி. எமது அறுபதாம் ஆண்டு நிறைவில் அம்மைக்குச் சாத்துதற்கு யாம் வாங்கிச் சென்ற இழைகள், நீரிலிட்ட அளவிலேயே இரத்தம்போற் சாயம் கக்கி வெளுத்துப்போயின. அருச்சகர் ஒன்றும் கூறாது கிண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வெறுஞ் சந்தனத்தையே சாத்தினார். அவர் மௌனம் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. ஆராயாது கொண்ட பிழை எம்முடையதே.

ஆகவே, அன்பர்கள் சில இழைகளை வெதுவெதுப்பான நீரிலிட்டுப் பார்த்தல் வேண்டும். மெய்யானது மெல்ல மெல்லப் பொன்னிறம் விடும். இழையின் செம்மை விரைந்து நீங்காது. அதன் நுனி ஊதுகொம்பு போல் விரிந்திருக்கும். மணம் இனிது, சுவையோ சிறு கைப்புடையது. நாவிற்கு இனித்தால் ஐயுறுக. பொடியாக வாங்காது இழையாகவே வாங்குதல் காவல். குசும்பாப் பூவின் இதழும், சாயமேற்றிய சோளநாரும் குங்குமப்பூ என விற்கப்படுவதுண்டு.

வாங்கிய இழையைச் சிறிது நீரில் ஊறவைத்துச் சந்தனத்தொடு அரைத்தால் நிறமும் மணமும் ஒருங்கே இறங்கும். மிகுதி வேண்டா, சிற்றளவே போதும். உணவினும் இவ்வாறே, நிவேதனப் பாலுக்கும் சருக்கரைப் பொங்கலுக்கும் சில இழைகள் அமையும்.

வாங்க இயலாதார் வருந்தற்க. மஞ்சளும் சந்தனமும், அவையும் இல்லார்க்குப் பச்சிலையும் நீருமே இறைவன் உவந்து ஏற்பன. போலிப் பொருள் ஒரு குடத்தினும் மெய்ப்பொருள் ஓரிழை சிறந்தது. மீண்டும் மீண்டும் கிழங்கை நட்டுக் காக்கும் கைகள் இன்றேல் அப்பூ இல்லை. தலைமுறைதோறும் திருப்பணி செய்யும் கைகள் இன்றேல் திருக்கோயிலும் இல்லை. அக்கைகள் அனைத்தும் திருவருளால் வாழ்க.